திரிபுவின் பாட்டி, விருமாண்டியின் பாட்டி: எஸ்.என்.லட்சுமி பற்றி ஒரு குறிப்பு

'விருமாண்டி' 2004 பொங்கலுக்கு வந்த படம். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதுசு. பொங்கல் லீவுக்கு சுருளிப்பட்டி வந்திருந்தேன். நம்ம பக்கத்துப் பேச்சு, நம்ம பக்கத்து மாடு, நம்ம பக்கத்துத் தண்ணிச் சண்டை என்று கேள்விப்பட்டு ஊரில் எல்லோருக்கும் அந்தப் படத்தின் மேல் ஒரு கண். அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு கம்பத்துக்குப் போனோம். அது தியேட்டருக்குள் கால் வைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

விருமாண்டியின் பாட்டியாக வரும் அம்மா திரையில் தோன்றி ரெண்டு வசனம்தான் பேசியிருப்பார். அப்பத்தா என் தொடையில் தட்டி, "இவ நாடகத்துல இருந்தவடா" என்றது.

எனக்குச் சிரிப்பு. "உனக்கு எப்படித் தெரியும்?"

"தொண்டை சொல்லுதுல்ல. கெழவி மாதிரிதான் இழுத்துப் பேசுறா. ஆனா ஒரு சொல்லக்கூட முழுங்கல பாரு. கடைசி வரிசைக்குக் கேக்கணும்னு பழகுன தொண்டை அது."

அதோடு விட்டுவிட்டேன். எட்டு வருஷம் கழித்து, 2012 பிப்ரவரி 20 அன்று எஸ்.என்.லட்சுமி சென்னையில் காலமானார். வயது 85 என்று செய்திகள் சொல்லின. அந்தச் செய்திகளை வாசிக்கும்போதுதான் அப்பத்தா சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்தது. சினிமாவுக்கு முன்னாடியும் சினிமா நடுவிலும் நாடக மேடையிலேயே வளர்ந்த உடம்பு அவருடையது. அன்றிலிருந்து அவர் வருகிற படங்களை அவருக்காகவே திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் குறிப்பு அதிலிருந்து வந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். தமிழ் சினிமா எஸ்.என்.லட்சுமிக்கு வயசைக் கொடுத்தது, உறவைக் கொடுத்தது. ஒரு ஆசையைக் கொடுக்க மட்டும் தயங்கியது. நான் பார்த்தவரை நன்றாகக் கொடுத்தது ஒரே ஒரு படத்தில். அங்கே அவர் என்ன செய்திருக்கிறார் என்று பார்த்தால், மற்ற இடங்களில் நமக்கு என்ன கிடைக்காமல் போனது என்று புரியும்.

முகம் தெரியாத வருஷங்கள்

விருதுநகர் பக்கம் சென்னல்குடி அவருக்குச் சொந்த ஊர். பிள்ளைகள் நிறைந்த, வசதியில்லாத வீடு. சிறுமியாக இருக்கும்போதே நாடகத்துக்குப் போய்விட்டார். பிறகு என்.எஸ்.கிருஷ்ணன் குழுவில் நடித்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

நாடகக் கம்பெனியில் ஒரு பிள்ளை சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இன்றைக்கு நாம் கற்பனை செய்வது கொஞ்சம் கஷ்டம். நடிப்பு என்று தனியாக ஒரு பாடம் கிடையாது. பாட வேண்டும், ஆட வேண்டும், கம்பு சுற்ற வேண்டும், கீழே விழவும் தெரிய வேண்டும். அடுத்தவர் பாடமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஒரு ஆளுக்குக் காய்ச்சல் என்றால் இன்னொரு ஆள் அந்த வேஷத்தைக் கட்டிக்கொண்டு மேடையேற வேண்டும். மைக் பரவலாவதற்கு முன்னால் வளர்ந்தவர்களுக்குக் குரலே முதல் சொத்து. முணுமுணுப்பாகப் பேசினாலும் கூட்டத்தின் கடைசி ஆளுக்குக் கேட்கிற முணுமுணுப்பாக இருக்க வேண்டும். அப்பத்தா பிடித்தது இந்தப் பழக்கத்தைத்தான்.

1948-ல் ஜெமினியின் 'சந்திரலேகா' வந்தது. அதில் உள்ள முரசு நடனம் இன்றைக்கும் பேசப்படுவது. பெரிய பெரிய முரசுகள், மேலே ஆடுகிற பெண்கள், கடைசியில் முரசுக்குள்ளிருந்து வெளியே பாயும் வீரர்கள். அந்தக் கூட்டத்தில் ஆடியவர்களில் ஒருவர் எஸ்.என்.லட்சுமி. அந்தக் காட்சியின் பலமே யாருடைய முகமும் தனியாகத் தெரியாததுதான். எஸ்.எஸ்.வாசனுக்குத் தேவைப்பட்டது ஒரே தாளத்தில் அசைகிற பெருங்கூட்டம். அதில் ஒரு முகத்தைத் தேடிப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது, மழையில் ஒரு துளியைத் தேடுகிற வேலை.

1960-ல் எம்.ஜி.ஆரின் 'பாக்தாத் திருடன்'. அதில் டூப் இல்லாமல் சிறுத்தையோடு மோதினார் என்று அவருடைய அஞ்சலிக் குறிப்புகள் தவறாமல் சொல்கின்றன. இந்த ரெண்டு தகவலையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று நடனம், ஒன்று சண்டை. நாம் ஒரு தள்ளாத பாட்டியாக மட்டும் ஞாபகம் வைத்திருக்கிற ஒருவர், முதலில் கால்பலத்தாலும் துணிச்சலாலும் பிழைத்தவர். முதுமை அவரிடம் தானாக இருந்ததில்லை. அதை அவர் கட்ட வேண்டியிருந்தது.

சர்வர் சுந்தரத்தின் அம்மா

1964-ல் 'சர்வர் சுந்தரம்'. ஏவிஎம் தயாரிப்பு, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம், கதை வசனம் கே.பாலசந்தர். நாகேஷுக்கு அம்மாவாக எஸ்.என்.லட்சுமி.

கணக்குப் போடுங்கள். நாகேஷ் பிறந்தது 1933. அந்தப் படம் வரும்போது அவருக்கு 31. இறக்கும்போது 85 என்ற கணக்கை வைத்துக்கொண்டால் எஸ்.என்.லட்சுமிக்கு அப்போது 37 பக்கம். மகனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஆறு வயசு. வீட்டில் அக்கா என்று கூப்பிடுகிற வித்தியாசம்.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை தோன்றும். 'சர்வர் சுந்தரம்' சினிமா எப்படி உருவாகிறது என்பதைப் பார்வையாளருக்குக் காட்டிய படம். 'அவளுக்கென்ன' பாட்டில் எம்.எஸ்.விஸ்வநாதனும் டி.எம்.சௌந்தரராஜனும் நேரில் வருகிறார்கள். பாட்டுப் பதிவு எப்படி நடக்கிறது, செட்டில் எப்படி ஆடுகிறார்கள் என்று எல்லாவற்றையும் திறந்து காட்டுகிறது. ஆனால் அதே படத்தில் 37 வயசுப் பெண் ஒருவர் வயதான அம்மாவாக மாறி நிற்கிறாரே, அந்த வித்தையை அது காட்டவில்லை. காட்டாததுதான் அந்த நடிப்பின் வெற்றி என்று வாதாடலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாகேஷின் வித்தையை நாம் வித்தை என்று கண்டு கைதட்டினோம். அம்மாவின் வித்தையை "இயல்பா இருந்துச்சு" என்று தாண்டிப் போய்விட்டோம்.

இயல்பு என்ற சொல் மேல் எனக்கு சந்தேகம் வந்தது இங்கேதான். நரைமுடி ஒட்டுவது ஒப்பனையாளர் வேலை. எழுந்திரிக்கும்போது கை எங்கே ஊன்றும், பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் மூச்சு எவ்வளவு தாமதிக்கும், மகன் முகத்தைப் பார்க்கும்போது கண் எவ்வளவு நேரம் நிற்கும், இதெல்லாம் நடிகரின் வேலை. 37 வயசில் அதை ஒருவர் செய்தால் அது இயல்பு கிடையாது, உழைப்பு.

நாடக மேடையில் இது தெரிந்த விஷயம். டி.கே.சண்முகம் ஔவையார் வேஷம் கட்டினார். அவர் ஆண், அதுவும் நடுவயசுக்காரர். அந்த வேஷத்தால் அவருடைய பெயரே 'ஔவை சண்முகம்' ஆனது. முதுமை நடிக்க வேண்டிய ஒன்று என்பதை அங்கே எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். சினிமாவில் கே.பி.சுந்தராம்பாளுக்கு அந்த மரியாதை கிடைத்தது. 1953-ல் வந்த 'ஔவையார்' ஒரு கிழவியை நாயகியாக வைத்து, பெயரிலும் அவளை வைத்து, பெரிய செலவில் எடுத்த படம். ஆனால் ஔவை தெய்வப் புலவர். சாதாரண வீட்டுக் கிழவிக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

விழுவதற்கு உயரம் இல்லாதவர்

நாயகி நடிகைகள் அம்மா ஆவது பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். பண்டரிபாய் நல்ல உதாரணம். 1952-ல் 'பராசக்தி'யில் சிவாஜிக்கு ஜோடி. 1969-ல் 'தெய்வ மக'னில் அதே சிவாஜிக்கு அம்மாவும் அவர்தான் (அப்பா சிவாஜிக்கு மனைவியும் அவரே; மூன்று வேஷப் படம் என்பதால் இந்தச் சிக்கல்). சிவாஜிக்கு வயசு ஏறாமல் பண்டரிபாய்க்கு மட்டும் ஏறிய கதை. இதைச் சொல்லி வருத்தப்படுவோம், நியாயம்தான்.

எஸ்.என்.லட்சுமி விஷயத்தில் அந்த வருத்தப்படக்கூட வழியில்லை. அவர் நாயகியாக இருந்து இறங்கியவர் இல்லை. கூட்டத்தில் ஒருவராக இருந்தார், அதிலிருந்து நேராக அம்மா, பிறகு பாட்டி. நடுவில் இளமை என்று ஒன்றைத் திரை அவருக்கு ஒதுக்கவே இல்லை. 1964-லிருந்து 2012 வரை, கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு, திரையில் அவர் வயதானவர். முதல் பாதியில் முதுமையை நடித்தார். அப்புறம் முதுமையே வந்து சேர்ந்துகொண்டது. எந்த வருஷத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று பிரிக்க முடியாத அளவுக்கு அது நடந்தது.

ஃபாரின் கீ

என் தொழில் புத்தியை மாற்ற முடியாது. அவருடைய வேஷங்களை ஒரு எக்ஸெல் தாளில் போட்டுவைக்க ஆரம்பித்தேன். படம், வருஷம், கதாபாத்திரத்தின் பெயர், கதையில் என்ன ஆகிறது என்று நாலு கட்டம். மூன்றாவது கட்டத்திலேயே மாட்டிக்கொண்டேன். பெயர் போட வேண்டிய இடத்தில் என் கை தானாக எழுதியது: சுந்தரத்தின் அம்மா, திரிபுவின் பாட்டி, விருமாண்டியின் பாட்டி.

டேட்டாபேஸில் வேலை செய்பவர்களுக்கு இது பழகிய ஒன்று. சில அட்டவணைகளில் ஒரு வரிக்குத் தனி அடையாளம் இருக்காது. இன்னொரு அட்டவணையின் ஒரு வரியைச் சுட்டிக்காட்டிக்கொண்டு மட்டுமே அது இருக்கும். ஃபாரின் கீ என்போம். அந்த இன்னொரு வரியை அழித்தால் இதற்கு அர்த்தமே இல்லை. அம்மா, பாட்டி வேஷங்கள் பலவும் இப்படித்தான். யாருக்கு அம்மா என்று சொல்லாமல் அந்த ஆளைச் சொல்லவே முடியாது.

நாலாவது கட்டம் இன்னும் மோசம். கதையில் என்ன ஆகிறது?

'சர்வர் சுந்தரம்': சுந்தரம் பெரிய நடிகனாகிறான். அவன் படப்பிடிப்பில் இருக்கும்போது அம்மாவுக்கு விபரீதம். அவன் வந்து சேர்வதற்குள் இறந்துவிடுகிறார். அதன் பிறகுதான் புகழை உதறிவிட்டு அவன் பழைய சர்வர் வேலைக்கே திரும்புகிறான்.

'மகாநதி' (1994): கிருஷ்ணசாமியின் மாமியார். மனைவி இல்லாத வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். மாப்பிள்ளை சீட்டுக் கம்பெனி மோசடியில் சிக்கி ஜெயிலுக்குப் போகிறார். வெளியே இந்தக் கிழவிதான் வீடு. அவர் போன பிறகு பிள்ளைகள் சிதறுகிறார்கள்.

'விருமாண்டி': பாட்டி செத்துப்போகிறார். விருமாண்டி ஒப்பாரியாக அழுகிறான். பாட்டியின் நிலமும் அதிலுள்ள தண்ணியும் அவனுக்கு வருகிறது. கொத்தாளத் தேவரின் கண் அந்தத் தண்ணி மேல்.

மூன்று படம், மூன்று சாவு. மூன்றிலும் அவருடைய சாவு கதையின் கதவுக்குக் கீல் மாதிரி. கதவு திரும்புவது கீலில்தான், ஆனால் உள்ளே போகிறவர் கதாநாயகர்.

இது அவருக்கு மட்டும் நேர்ந்தது கிடையாது. நம்ம தேனிக்காரர் பாரதிராஜாவின் 'பதினாறு வயதினிலே' (1977) எடுத்துக்கொள்ளுங்கள். காந்திமதியின் குருவம்மா தமிழ் சினிமாவின் மறக்க முடியாத அம்மாக்களில் ஒருத்தி. வாய், கோபம், மகள் மேல் உள்ள பயம் எல்லாம் இருக்கிறது. அவளும் நடுவில் சாகிறாள். சப்பாணி மயிலுக்குத் துணையாவதற்கு வீடு காலியாக வேண்டியிருக்கிறது. ஆனால் காந்திமதிக்கு சாவதற்கு முன்னால் வாழ இடம் கிடைத்தது. சண்டை போட, திட்ட, ஊர்வாயை எதிர்க்க. பிறகு 'மண்வாசனை'யில் (1983) பழமொழியாகவே பேசித் தள்ளினார். காந்திமதியின் கையில் சொல் என்ற ஆயுதம் இருந்தது. எஸ்.என்.லட்சுமிக்கு அந்த அளவு சொல் தரப்படவில்லை. இருக்கிற கொஞ்ச நேரத்தில், இந்த ஆள் போனால் வீடு என்ன ஆகும் என்று நாம் பயப்படும்படி செய்வதுதான் அவருக்குக் கொடுத்த வேலை.

அந்த வேலையை அவர் எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதற்கு 'விருமாண்டி'யே சாட்சி. அந்தப் படத்தில் ஒரே கதையை ரெண்டு பேர் சொல்கிறார்கள். கொத்தாளத் தேவர் ஒரு விதமாக, விருமாண்டி இன்னொரு விதமாக. ரோகிணியின் கதாபாத்திரம் கேமராவோடு ஜெயிலில் உட்கார்ந்து கேட்கிறது. நாம் யாரை நம்புவது? வாதம் வைத்து விருமாண்டி நம்மை ஜெயிக்கவில்லை. குடி, ரகளை, முரட்டுத்தனம் எல்லாம் அவனிடம் இருக்கிறது. ஆனால் பாட்டிக்காக அப்படி அழுகிறவனை நம்பாமல் இருக்க முடிவதில்லை. அந்த அழுகைக்கு எடை வேண்டுமென்றால், செத்தவர் அழத் தகுந்தவராக நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதற்கு எஸ்.என்.லட்சுமிக்குக் கிடைத்தது சில காட்சிகள். அந்தச் சில காட்சியில் அவர் வைத்த கல் மேல்தான் படத்தின் நியாயம் நிற்கிறது.

எங்கள் பக்கம் இன்னொன்றும் உண்டு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணியில் நெல்லும் சுருளிப்பட்டிப் பந்தல்களில் திராட்சையும் விளைகிற மண் இது. தண்ணியுள்ள நிலத்தைப் பேரனுக்கு விட்டுப்போகிற கிழவி என்றால் என்ன எடை என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். கம்பம் தியேட்டரில் அந்தச் சாவு வரும்போது யாரும் விசிலடிக்கவில்லை. அப்பத்தா முந்தானையால் மூக்கைத் துடைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஒரு மறுப்பு, என் பதில்

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "நாயகன் கதையில அம்மா செத்தா நாயகன் மாறுவான். வயசானவங்க சாகத்தானே செய்வாங்க? அதுல என்ன தப்பு?" சரியான கேள்வி. அதுவும் மேலே சொன்ன ரெண்டு பிற்காலப் படங்களும் கமல்ஹாசன் எழுத்தில் பங்கெடுத்தவை. பழைய நாடகக்காரர்களைத் தேடிப்பிடித்து வேஷம் கொடுத்தவர் அவர். சிறுவயசில் டி.கே.சண்முகம் குழுவில் நடித்தவர். 'அவ்வை சண்முகி' (1996) என்ற பெயரே அந்த வாத்தியாருக்கு வைத்த வணக்கம். அவரைக் குற்றம் சொல்வது என் நோக்கமும் இல்லை.

என் குறை சாவில் இல்லை. சாவதற்கு முன்னால் அந்த ஆளுக்குத் தனக்கென்று என்ன வேண்டும் என்று படம் கேட்டதா என்பதுதான். சுந்தரத்தின் அம்மாவுக்கு மகன் நன்றாக இருக்க வேண்டும். மகாநதிப் பாட்டிக்குப் பேரப்பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும். விருமாண்டிப் பாட்டிக்குப் பேரன் நன்றாக இருக்க வேண்டும். சரி, அவர்களுக்கு? ஒரு வெற்றிலையாவது? ஒரு வம்பாவது?

எக்ஸெல் தாளில் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்தேன். 'என்ன வேணும்?'

திருட்டுப் பாட்டி

அந்தக் கட்டம் நிரம்பிய படம் 'மைக்கேல் மதன காமராஜன்' (1990). சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், கிரேஸி மோகன் வசனம். ஊர்வசி நடித்த திரிபுரசுந்தரிக்குப் பாட்டி. இந்தப் பாட்டிக்கு என்ன வேண்டும் என்று ஒரு குழந்தையும் சொல்லிவிடும். கண்ணில் படுகிற எல்லாம் வேண்டும். கைக்கு எட்டினால் எடுத்துவிடுவார்.

நாலு கமல் இருக்கிற படம். சமையல்காரர் காமேஸ்வரனின் பாலக்காட்டுப் பேச்சு, ஊர்வசியின் வேகம், நாகேஷ் வேறு. அத்தனை பேர் நடுவில் அந்தப் பாட்டி ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுப்பதில்லை. எப்படி? அவர் பிடித்த வழி எளிமையானது, செய்வது கஷ்டம். முகம் ஒரு வேலை, கை ஒரு வேலை. முகத்தில் திருட்டின் நிழலே கிடையாது. எல்லாப் பாட்டிகளையும் போல அப்பாவியாக, பயபக்தியாக, கொஞ்சம் அசதியாக இருக்கிறது. கை தன்பாட்டுக்கு வேட்டையில் இருக்கிறது. அகப்பட்டால் வெட்கமும் இல்லை. எடுத்தது என் உரிமை என்கிற மாதிரி ஒரு நிதானம்.

இதுதான் கம்பெனி நாடகத்துப் பயிற்சி. சுவரில் வீசுகிற பந்து மாதிரி வசனத்தை வாங்கி உடனே திருப்பித் தருவது, மற்றவர் பேசும்போது தன் உடம்பை உயிரோடு வைத்திருப்பது, ஒரு கூட்டத்துக்குள் நின்றுகொண்டே மக்கள் கண்ணைத் தன் பக்கம் இழுப்பது. என்.எஸ்.கே. குழுவில் இருந்தவருக்குச் சிரிப்பின் நேரக்கணக்கு ரத்தத்தில் இருக்கும் என்பதில் ஆச்சரியம் என்ன?

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்தப் பாட்டி யாருக்காகவும் வாழவில்லை. பேத்தி மேல் பாசம் உண்டு, ஆனால் அது அவரை முழுசாக விழுங்கிவிடவில்லை. கதை அவரைக் கொன்று யாரையும் திருத்தவும் இல்லை. தியாகத்தின் சுமை இல்லாத அந்த உடம்பு எவ்வளவு லேசாக ஆகிவிடுகிறது பாருங்கள்! முரசின் மேல் ஆடிய பெண்ணை 'சந்திரலேகா'வில் என்னால் பார்க்க முடிந்ததில்லை. 42 வருஷம் கழித்து இந்தத் திருட்டுப் பாட்டியின் விரல்களில் அவரைப் பார்த்த மாதிரி இருந்தது.

'மைக்கேல் மதன காமராஜன்' வந்த பிறகு அவருக்கு இது மாதிரி இன்னும் நாலு வேஷமாவது வந்திருக்க வேண்டும். ஒரு வயதான பெண்ணின் ஆசையைச் சுற்றி ஒரு முழுப்படம்கூட வந்திருக்கலாம். தமிழ் சினிமாவுக்கு அப்போது அந்தக் கற்பனை இல்லை. திறமை கண்முன்னால் இருந்தது, கேள்விதான் இல்லை.

1500 என்ற எண்

அவர் இறந்தபோது வந்த குறிப்புகளில் ரெண்டு எண் திரும்பத் திரும்ப வந்தது. 1500 படம், 6000 நாடகம். நாடகக் கணக்கு எனக்கு நெருடவில்லை. மேடையேறிய இரவுகளின் எண்ணிக்கை என்றால், வருஷத்துக்கு 200 வீதம் 30 வருஷத்தில் 6000 வந்துவிடும். படக் கணக்குதான் யோசிக்க வைக்கிறது. 1948-லிருந்து 2012 வரை 64 வருஷம். 1500-ஐ வகுத்தால் வருஷத்துக்கு 23 படத்துக்கு மேல், ஒரு வருஷம் விடாமல். கூட்டத்தில் நின்றது, ஒரு காட்சியில் வந்து போனது எல்லாம் சேர்த்தாலும் பெரிய எண்.

எண் சரியா தப்பா என்பது இங்கே முக்கியமில்லை. நாயகர்களுக்கு அஞ்சலி எழுதும்போது நாம் எண்ணிக்கையில் ஆரம்பிப்பதில்லை. ஒரு வேஷத்தில், ஒரு காட்சியில், ஒரு பார்வையில் ஆரம்பிக்கிறோம். குணச்சித்திர நடிகைகளுக்கு மட்டும் எண்ணிக்கை. 1500 என்று சொல்லிவிட்டால் ஒன்றையாவது உட்கார்ந்து பார்க்கிற கடமை தீர்ந்துபோகிற மாதிரி. என்னிடம் யாராவது கேட்டால் எண்ணை விட்டுவிட்டு, 'சர்வர் சுந்தர'த்தையும் 'மைக்கேல் மதன காமராஜ'னையும் அடுத்தடுத்த நாள் பாருங்கள் என்பேன். 37 வயசில் கட்டிய முதுமை ஒன்று, 60 தாண்டி விளையாடிய இளமை ஒன்று.

அப்பத்தா

அப்பத்தாவுக்கு அந்தத் தொண்டை எப்படித் தெரிந்தது என்று நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அப்பாதான் பிற்பாடு சொன்னார். கோவில் திருவிழாவுக்கு ஸ்பெஷல் நாடகம் வைத்தால், வள்ளி திருமணமோ பவளக்கொடியோ, அப்பத்தா சாயங்காலமே பாயைச் சுருட்டிக்கொண்டு போய் ஆர்மோனியப் பெட்டிக்கு நேர் எதிரில் இடம் பிடித்துவிடுமாம். விடியவிடியக் கண் மூடாது. மறுநாள் களை எடுக்கும்போது பபூன் பேச்சை அப்படியே பேசிக்காட்டி கூட வந்த பெண்களைச் சிரிக்க வைக்குமாம். எனக்குத் தெரிந்த அப்பத்தா அதிகம் பேசாத, வாசலில் உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவி. பபூன் வசனம் பேசுகிற பெண்ணை நான் பார்த்ததே இல்லை.

அது இறந்தபோது கண்ணீர் அஞ்சலி பேனருக்கு வாசகம் எழுதிக் கொடுத்தது நான்தான். லேப்டாப் வைத்திருப்பவன் என்று என்னிடம் விட்டார்கள். மகன்கள் பேர், மருமகள்கள் பேர், பேரன் பேத்திகள் பேர் என்று வரிசையாக அடித்தேன். இன்னாரின் தாயார், இன்னாரின் பாட்டி. பேனர் வந்த பிறகுதான் பார்த்தேன், அதன் சொந்தப் பெயர் எங்கள் எல்லோர் பெயரையும்விடச் சின்ன எழுத்தில் இருந்தது. கடைக்காரர் மேல் தப்பில்லை. நான் அனுப்பிய கோப்பில் அப்படித்தான் இருந்தது. கமல் படத்தில் குறை கண்டுபிடிக்கிற நான் என் வீட்டில் செய்த வேலை இது.

எக்ஸெல் தாளில் கடைசியாக ஒரு வரி சேர்த்து வைத்திருக்கிறேன். படம் என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை. கதாபாத்திரத்தின் பெயர் என்ற இடத்தில் உறவுமுறை போடாமல் அப்பத்தாவின் பெயரையே போட்டேன். 'என்ன வேணும்?' என்ற கட்டத்தில் இப்போதைக்கு அப்பா சொன்னதை வைத்து ஒன்று எழுதியிருக்கிறேன்: ஆர்மோனியத்துக்கு நேர் எதிரே ஒரு இடம்.

உங்கள் வீட்டில் கம்பெனி நாடகமோ ஸ்பெஷல் நாடகமோ பார்த்தவர்கள், அதில் நடித்தவர்கள் யாராவது இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது போனில் ரெக்கார்டரை ஓடவிட்டுப் பேசச் சொல்லுங்கள். யார் நன்றாக நடித்தார்கள் என்று கேளுங்கள். ஏன் என்றும் கேளுங்கள். அந்த 'ஏன்' நம்முடைய விமர்சனப் புத்தகங்களில் இல்லாத ஒன்று. எனக்கு அது ஒரே ஒரு தடவை, கம்பம் தியேட்டர் இருட்டில் கிடைத்தது.